நோயில்லாதவனின் விரதம்

பெரு நாட்டில் இக்கிடோஸ் நகரத்தைச் சுற்றிய காட்டுப் பகுதியில், அயவாஸ்கா என்ற கஷாயத்தைச் சடங்காகக் கொடுக்கும் விடுதிகள் பல இருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரப்போகிறவர்களுக்கு இவை முன்கூட்டியே ஒரு குறிப்புத் தாள் அனுப்புகின்றன. ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்பிருந்தே பன்றி இறைச்சி கூடாது, மது கூடாது, உப்பையும் சர்க்கரையும் குறைக்க வேண்டும், புளிக்கவைத்த பண்டங்களும் நாட்பட்ட பாலாடைக்கட்டியும் கூடாது, உடலுறவு கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும். இவற்றோடு ஒரு கேள்வியும் இருக்கும்: என்ன நோக்கத்தோடு வருகிறீர்கள்?

இந்தத் தாளைப் பார்த்தவுடன் நம்மூர் மாலை போடுதலும் காப்புக் கட்டுதலும் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. எல்லாம் நம்மிடமே இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு மேலே போய்விடலாம். நான் அந்த ஒப்பீட்டைச் செய்யப்போவதில்லை. எனக்குக் குடைச்சல் கொடுப்பது தாளின் கடைசிக் கேள்வி.

மற்ற விதிகளில் பாதி மருந்தியல். கஷாயத்தில் சேரும் கொடியில் ஹார்மின், ஹார்மலின் என்ற பொருட்கள் உண்டு. நாம் சாப்பிடுவதில் உள்ள சில ரசாயனங்களை உடைத்துத் தள்ளும் நொதியை அவை கொஞ்ச நேரம் வேலை செய்யவிடாமல் நிறுத்திவைக்கின்றன. நிறுத்தினால்தான் கூடச் சேரும் இலையிலுள்ள வஸ்து மூளைக்குப் போகும். ஆனால் அந்த நேரத்தில் நாட்பட்ட பாலாடைக்கட்டி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடலாம். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பாதியைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. உடம்பைப் பற்றிய எச்சரிக்கை அது, யாராயிருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மீதிப் பாதி வேறு ரகம். அதில் உப்பில்லாமல் இருப்பதும், உடலுறவைத் தவிர்ப்பதும், நோக்கத்தைச் சொல்வதும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. 'தன்னைத் தயார் செய்துகொள்ளுதல்' என்று இதற்குப் பெயர். தமிழில் இந்தக் 'கொள்' ஒரு விசித்திரமான துணைவினை. செயல் செய்பவனிடமே திரும்பி வருவதையும் அது குறிக்கும், எதையோ எடுத்து வைத்துக்கொள்வதையும் குறிக்கும். சமையல் செய்கிறவன் வேறு, செய்துகொள்கிறவன் வேறு. அயவாஸ்காச் சடங்குக்குத் தயாராகிறவன் தன்னையே தயார் செய்து, தன்னையே நோயாளியாக வைத்து, பலனையும் தானே வாங்கிக்கொள்கிறான். இது பழைய ஏற்பாடு இல்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

உகயாலி ஆற்றங்கரை ஷிப்பிபோக்களிடம் கடுமையான பத்தியம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அது வைத்தியனின் பத்தியம். வைத்தியம் கற்க வருகிறவன் ஊரைவிட்டு ஒதுங்கி ஒரு குடிசையில், உப்பில்லாத வாழைக்காயையும் சின்ன மீன்களையும் தின்றுகொண்டு மாதக்கணக்கில் இருப்பான். பெண்ணைத் தொட மாட்டான். ஏதாவது ஒரு செடியோடு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டு, அதனிடமிருந்து பாட்டுகளைக் கற்க வேண்டும். பிறகு ஒரு நாள் யாராவது நோயோடு வருவார்கள். பல இடங்களில் அப்போது கஷாயத்தைக் குடிப்பது வைத்தியன்தான். குடித்துவிட்டு, நோய் எங்கிருக்கிறது என்று பார்த்துப் பாடுவான். நோயாளி படுத்துக்கிடப்பான், அவ்வளவுதான். காய்ச்சலும் வயிற்றுக் கடுப்புமாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவனிடம் நோக்கம் என்ன என்று யார் கேட்பார்கள்? அவன் வந்ததே நோக்கம்.

பத்தியம் வைத்தியனிடமிருந்து நோயாளிக்கும், பிறகு நோயில்லாதவனுக்கும் கைமாறியிருக்கிறது. அமேசானில் இதற்கு ஒரு தேதி சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல ஆறுகளின் கரைகளில் நடந்த காரியம். ஆனால் இதே மாற்றம் மெக்ஸிகோவில் ஒரு காளானைச் சுற்றி நடந்தது. அங்கே தேதி இருக்கிறது: 1955 ஜூன் 29, ராத்திரி.

அன்று வஹாகா மாநிலத்து மலையூரான வாவுட்லா தெ ஹிமெனெஸில், மஸாடெக் இனத்துப் பெண்ணான மரியா ஸபீனா ஒரு கண்விழிப்பு நடத்தினாள். இருட்டில், சின்ன பூஜை மாடத்தின் முன்னால், காளானைத் தின்றுவிட்டு விடியும்வரை பாடுவது. வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர்: கார்டன் வாஸன், போட்டோக்காரர் ஆலன் ரிச்சர்ட்ஸன். வாஸன் ஜே. பி. மார்கன் வங்கியின் உதவித் தலைவர்களில் ஒருவர். (வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு வேறு காரியத்தில் உயிரை விடுகிறவர்கள் மேல் எனக்கு இயல்பாகவே ஒரு சார்பு உண்டு. வாசகர் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.)

தயாராவது என்றால் வாஸனைப்போல் தயாரானவர் கிடையாது. 1927-இல் கல்யாணமான புதிதில் காட்ஸ்கில் மலைப்பக்கம் போனபோது, ரஷ்யரான மனைவி வாலென்டினா காட்டுக் காளான்களைப் பறித்துச் சமைக்கக் கொண்டுவர, வாஸன் அருவருத்து ஒதுங்கினார். ஒரே பொருளை ஒரு ஜாதி மனிதர்கள் கொண்டாடுவதும் இன்னொரு ஜாதி அஞ்சி விலகுவதும் ஏன் என்று புருஷனும் மனைவியும் அன்றைக்கு ஆரம்பித்த ஆராய்ச்சி முப்பது வருஷம் நீண்டது. மொழிகளைத் தோண்டினார்கள், பழங்கதைகளைத் தொகுத்தார்கள். 1957-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவர்கள் புத்தகம் 512 பிரதிகள்தான் அச்சாயிற்று. நம் பத்திரிகைகளின் கணக்கு. பிற்பாடு 1968-இல், ரிக்வேதத்தின் சோமமும் ஒரு காளான்தான் என்று வாஸன் எழுதி, சமஸ்கிருதப் பண்டிதர்களோடு வெகுகாலம் மல்லுக்கு நின்றார். ஆளின் ஊக்கம் அப்படி.

இவ்வளவு தயாரிப்பும் வாவுட்லாவில் செல்லவில்லை. அங்கே கேட்டது ஒரே ஒரு தகுதி. யாருக்காவது நோய் இருக்க வேண்டும், அல்லது காணாமல்போனதைப் பற்றிய, தூரத்தில் இருப்பவனைப் பற்றிய ஒரு கவலையாவது இருக்க வேண்டும். கேள்வி இல்லாமல் காளான் கிடையாது. வாஸனிடம் இருந்தது ஆராய்ச்சி. ஆகவே அவர் மகனைச் சொன்னார். மகனிடமிருந்து செய்தி இல்லை, அவன் எப்படியிருக்கிறான் என்று தெரிய வேண்டும் என்றார். அது சாக்கு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தச் சாக்கு புதிதல்ல. 1953-இல் அதே ஊரில் வேறொரு வைத்தியர் நடத்திய கண்விழிப்பிலும் வாஸன் மகனைப் பற்றியே கேட்டிருந்தார். தகப்பன் நினைத்த ஊரில் மகன் இல்லை, நியூயார்க்கில் இருக்கிறான், மனம் கலங்கியிருக்கிறான் என்று பதில் வந்தது. ஊருக்குத் திரும்பி விசாரித்தபோது அது சரியாயிருந்ததாக வாஸன் எழுதியிருக்கிறார். காளானுக்கு ஞானதிருஷ்டி உண்டா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். மகன் உண்மையிலேயே கலங்கியிருந்தான், தகப்பனுக்கு அது தெரியாது, தெரியாமலே அதைப் பொய்யாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். எந்தத் தகப்பன் மகனைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று சொன்னாலும் அது முழுப் பொய்யாகிவிடுமா?

இங்கே என் தொழிலைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எங்கள் கடன் விண்ணப்பத்தில் 'கடன் பெறும் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. சில வருஷங்களுக்கு முன், நான் வேறொரு கிளையில் இருந்தபோது, ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் அந்தக் கட்டத்தில் 'மனைவி வைத்தியச் செலவு' என்று எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து. அந்தத் திட்டத்தில் அதற்கு இடமில்லை. நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "மாடுன்னு போடுங்க, கறவை மாடு" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "மாடு வாங்கலீங்களே ஸார்" என்றார். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கினார். அடுத்த வாரம் அவர் சரியான படிவத்தோடும், மைத்துனர் வீட்டு மாட்டின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவோடும் வந்தார். அவரைத் தயார் செய்தவன் நான்.

வாஸனைப் படித்தபோது இந்த மனிதர்தான் குறுக்கே வந்து நின்றார். எங்கள் கவுண்டரில் பொய் சொல்கிறவன் துயரத்தை மறைத்துக்கொண்டு மாட்டைச் சொல்கிறான். வாஸன் மாட்டை மறைத்துக்கொண்டு துயரத்தைச் சொன்னார். இரண்டும் ஒரே பொய்யில்லை. முதல் பொய்யில், சொல்கிறவனிடம் இருப்பது சொன்னதைவிடப் பெரியது. இரண்டாவதில், சொன்னது இருப்பதைவிடப் பெரியது. படிவத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும்.

ஆனால் மரியா ஸபீனா படிவம் இல்லை. அவள் வாழ்க்கையை, அதே மஸாடெக் இனத்தைச் சேர்ந்த அல்வாரோ எஸ்த்ராதா அவள் பேச்சிலிருந்தே தொகுத்து 1977-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண். சிறுமியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவளும் சகோதரியும் பசிக்குக் காளான் தின்றிருக்கிறார்கள். ஒரு வைத்தியன் அதே காளானைத் தின்று நோய் தீர்ப்பதைப் பார்த்திருந்ததால் அது இன்னதென்று அவர்களுக்குத் தெரியும். முதல் கணவன் உயிரோடிருந்த வருஷங்களில் அவள் காளானைத் தொடவில்லை, ஏனென்றால் அதற்கு உடல் விலக்கு வேண்டும். பிறகு சகோதரி நோயில் விழுந்தாள், மற்ற வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. அன்றைக்கு அவள் சகோதரிக்குக் கொஞ்சம் கொடுத்து, தான் மிக அதிகமாகத் தின்றாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு புஸ்தகம் காட்சியாகக் கிடைத்தது, வாசிக்கத் தெரியாத அவள் அதை வாசித்தாள். பசி, விதவைக் கோலம், படுக்கையில் ஒரு சகோதரி. இதைத் தயாரிப்பு என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். அவளாகத் தேர்ந்துகொண்டது எதுவும் இதில் இல்லை.

1955-இன் அந்த இரவிலும் அளவு இப்படித்தான் இருந்தது. விருந்தாளிகளுக்கு ஆளுக்கு 6 ஜோடி, அவளுக்கு 13 ஜோடி. குணமாக்குகிறவள் நோயாளியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிறாள். ரிச்சர்ட்ஸன் பாடு வேறு: அந்தக் கண்டறியாத காளானை வாயில் வைக்க மாட்டேன் என்று ஊரில் மனைவிக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார். வைத்தார், வைக்கும்போது மனைவி என்ன சொல்வாளோ என்று முணுமுணுத்தார். அந்த அறையில் வெளியிலிருந்து வந்த இருவரில், இன்னொரு மனுஷியை நினைத்துக்கொண்டு தின்றவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரியா ஸபீனாவுக்குத் தெரிந்திருந்ததா? எஸ்த்ராதாவிடம் தன் கதையைச் சொல்லும்போது, வந்தவர்கள் நோயில்லாதவர்கள் என்பதைத்தான் அவள் குறிப்பிடுகிறாள். கடவுளைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள் என்கிறாள். அதற்கு முன் யாரும் கடவுளைக் காண்பதற்காக மட்டும் காளான் தின்றதில்லை, நோய் தீரவே தின்றார்கள் என்கிறாள். ஊர் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதால் மறுக்க முடியவில்லை என்றும் சொல்கிறாள். அவர் சொல்லாமலே வந்திருந்தாலும் காட்டியிருப்பேன், அதில் கெடுதல் என்ன என்றும் சேர்த்துக்கொள்கிறாள். ஏமாற்றப்பட்ட அப்பாவி என்று அவளைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் சௌகரியமாக இல்லை. அதனால் அதை விட்டுவிடுகிறார்கள். 1962-இல் வாஸனோடு வந்த ஸ்விஸ் ரசாயனி ஆல்பர்ட் ஹாஃப்மன், 1958-இல் தான் பிரித்தெடுத்த வஸ்துவை மாத்திரையாகக் கொடுத்தபோது, அவள் அதைத் தின்று பாடிவிட்டு, காளானின் சக்தி மாத்திரையிலும் இருக்கிறது என்றாள். காளான் முளைக்காத பருவத்திலும் வைத்தியம் செய்யலாம் என்று சந்தோஷப்பட்டாள். தூய்மைவாதம் அவளிடம் இல்லை. அது நம்மைப்போல் படித்தவர்களின் நோய்.

அவள் சங்கடப்பட்டது பின்னால். 1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் வாஸனின் கட்டுரை வந்தது. அவள் பெயரை மாற்றித்தான் போட்டார்கள். ஆனால் 512 பிரதியில் அடங்கியிருந்த ரகசியம் லட்சக்கணக்கில் அச்சாகிவிட்டது. பத்து வருஷத்துக்குள் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வாவுட்லாவுக்கு வந்தார்கள். எந்த நேரத்திலும், எந்த இடத்திலும், பட்டப்பகலில் காளானைத் தின்றார்கள். போலீஸ் வந்தது, 1960-களின் இறுதியில் ராணுவம் சாலையை மறித்தது. ஊர் அவளைப் பழித்தது. அவள் வீடு எரிக்கப்பட்டது. அந்நியர்கள் வந்ததிலிருந்து காளானின் வலு போய்விட்டது என்று அவள் எஸ்த்ராதாவிடம் சொன்னாள். 1985-இல் ஏழையாகவே இறந்தாள். வாஸனும் வருத்தப்பட்டு எழுதினார்.

காளானின் வலு போனது என்பதை நான் ரசாயனமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையிலேயே சக்தியைக் கண்டவள் அவள். அவள் பாட்டின் அமைப்பில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹென்றி மன் என்பவர் 1973-இல் இந்தப் பாட்டுகளின் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரை நம்மில் கவிதை பற்றி யோசிக்கிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. ஒவ்வோர் அடியிலும் அவள் தான் இன்னவள் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் 'த்ஸோ' என்று ஒரு சொல் வருகிறது. அதற்கு 'சொல்கிறது' என்று அர்த்தம். பேசுவது நான் இல்லை, காளான் சொல்கிறது. நம் மொழியில் இதற்கு நேரான ஓர் உறுப்பே இருக்கிறது. 'வந்தான்' என்பதை 'வந்தானாம்' என்று ஆக்கும் அந்த 'ஆம்'. எவ்வளவு பெரிய விஷயத்தையும் தன் பொறுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுச் சொல்ல முடிகிற அடக்கம் அதில் இருக்கிறது. கிழவிகள் கதை சொல்லும்போது மூச்சுக்கு மூச்சு வரும். நம் புதுக்கவிதைக்காரர்கள் அதைத் தொடுவதில்லை. 'நான்' என்று ஆரம்பித்தால் 'நான்' என்றே முடிக்கிறார்கள். அனுபவம் வேண்டுமென்று கஞ்சாவைத் தேடிப் போனவர்களையும் நமக்குத் தெரியும். அவர்கள் கொண்டுவந்ததும் அதே 'நான்'தான், கொஞ்சம் புகையோடு.

நோயாளி ஒருவன் பக்கத்தில் படுத்துக்கிடக்கும்போதுதான் 'த்ஸோ' சொல்ல முடியும். பாட்டு அவனுக்காக, பேசுவது காளான், நடுவில் இருப்பவள் ஒரு வழி. நோயாளி இல்லாவிட்டால் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. காளான் எனக்குச் சொல்கிறது, என்னைப் பற்றி, எனக்காக. வலு எங்கே போயிற்று என்றால், இங்கே போயிற்று என்பேன்.

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. இக்கிடோஸுக்கு இன்று போகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்களா? இல்லை. தீராத மனச்சோர்வோடு, குடியிலிருந்து மீள முடியாமல், போர்க்களத்திலிருந்து திரும்பித் தூக்கம் வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நோயாளிகளே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ஒரு சட்டம், காளான் வஸ்துவை அனுமதி பெற்ற இடங்களில் கொடுக்க வழி செய்திருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒரு 'தயாரிப்பு அமர்வு' கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. அந்த அக்கறையை நான் கேலி செய்யவில்லை. தனியாக, எச்சரிக்கையில்லாமல், கையில் கிடைத்ததை விழுங்குவதைவிட அது எவ்வளவோ மேல். வைத்தியனின் மாதக்கணக்கான பத்தியத்தை இவர்கள் எங்கே போய்த் தேடுவது?

என் சந்தேகமெல்லாம் அந்தக் கட்டத்தைப் பற்றியது. நோக்கம் என்ன என்று கேட்கிற எந்த ஸ்தாபனமும், எப்படிப்பட்ட நோக்கம் செல்லும் என்பதையும் கூடவே கற்றுக்கொடுத்துவிடுகிறது. வருகிறவன் கெட்டிக்காரன். 'பழைய காயங்களை ஆற்ற', 'பயத்தை விட' என்று எழுதக் கற்றுக்கொள்கிறான். 'ஏன் வந்தேன் என்று தெரியவில்லை' என்பதற்குக் கட்டமில்லை. 'என் தம்பி குடித்துச் சாகிறான், அவனுக்காக நான் குடிக்கலாமா' என்பதற்குச் சுத்தமாகக் கட்டமில்லை. ஆனால் வாவுட்லாவின் பழைய வழக்கப்படி பார்த்தால், கேட்டவுடன் கதவைத் திறந்திருக்கக்கூடிய கேள்வி இந்த இரண்டாவதுதான்.

வாஸன் சொன்ன பொய்யை மன்னிப்பதா என்று யோசித்துப் பார்த்தேன். அவர் பொய் அந்தப் படிவத்தின் சட்டத்துக்கு ஒரு மரியாதை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நோயில்லாமல் உள்ளே வரக்கூடாது என்று அவருக்குப் புரிந்திருந்தது, அதனால்தானே நோயைக் கற்பித்தார். பின்னால் வந்த இளைஞர்களுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆனால் மகனை இரண்டு தடவை அடகு வைத்தவர், முதல் தடவை வந்த பதிலைக் கேட்டு வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது எனக்கு உறுத்துகிறது. அதைக் காளானின் சக்திக்கு ஒரு சாட்சியமாக எழுதினார். கலங்கியிருந்த பையன் புத்தகத்தில் ஒரு குறிப்பாக ஆனான்.

மாட்டுக் கடன் வாங்கிய அந்த மனிதர் தவணை தவறாமல் கட்டினார். கடைசித் தவணையைக் கட்ட வந்த அன்றும் கவுண்டரில் நான்தான் இருந்தேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, எதையாவது கேட்க வேண்டும்போல் இருந்ததால், "மாடு எப்படியிருக்கு?" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாக் கறக்குதுங்க ஸார்" என்றார். பின்னால் வரிசை நின்றது. நான் அவர் மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை.